கம்பி வழி வந்த காலம் – அத்தியாயம் 6: மூங்கிலும் கீலும் மெட்ராஸ் துணியும்

போன வாரம் பாராமகாலின் தபால் ஓட்டக்காரரை நடுக்காட்டில் நிறுத்திவிட்டு வந்தோம். தோளில் பை, கையில் ஈட்டி, ஈட்டியில் கட்டிய சலங்கை. இண்டூரையும் தர்மபுரியையும் பென்னாகரத்தையும் உள்ளடக்கிய பாராமகால் சீமை 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து வரி போட்ட அந்த நாட்களில், ஒரு சேதி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டால் ஒரே பதில்தான். மனிதன் ஓடுகிற வேகம், மிஞ்சினால் குதிரை ஓடுகிற வேகம். மைசூரில் சிக்கதேவராயர் ஏற்படுத்திய அஞ்சே தபால் முறையிலும் அதே வேகம்தான். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, இதே தகடூர் மண்ணிலிருந்து அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனபோதும் அதே வேகம்தான். இடையில் எத்தனையோ அரசுகள் வந்து போயின. சேதியின் வேகம் மட்டும் மாறவே இல்லை.

அதை நம் நாட்டில் மாற்றியவர் ஒரு டாக்டர்.

வில்லியம் புரூக் ஓ'ஷாக்னெஸி. அயர்லாந்தின் லிமரிக் ஊர்க்காரர், 1809-ல் பிறந்தவர். காலரா வந்தவர்களின் ரத்தத்தில் நீரும் உப்பும் வற்றிப்போகின்றன, அவற்றை ரத்தக்குழாய் வழியாகத் திருப்பி ஏற்றினால் உயிர் பிழைக்கலாம் என்று இருபத்திரண்டு வயதிலேயே சொன்னவர். இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் ஏற்றுகிற 'டிரிப்'புக்குப் பின்னால் அவருடைய அந்த ஆராய்ச்சி இருக்கிறது. 1833-ல் கம்பெனியின் உதவி சர்ஜனாகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1835-ல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதில் ரசாயனப் பேராசிரியரானார்.

1839-ல் அவர் செய்த காரியத்தைப் பார்த்தவர்கள், வெயிலில் தலை கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் இருந்த தாவரவியல் தோட்டத்துப் பக்கம் மூங்கில்களை நட்டார். அவற்றின் மேல் இரும்புக் கம்பியை முன்னும் பின்னுமாக, வரிசை வரிசையாக இழுத்துக் கட்டினார். மொத்தம் 21 மைல் நீளம். போதாததற்கு, ஹூக்ளி ஆற்றின் தண்ணீரையே 7,000 அடிக்கு மின்சுற்றின் ஒரு பகுதியாக்கினார்.

கம்பியின் மறுமுனையில் சேதியை வாங்க அவரிடம் நல்ல கருவி எதுவும் இல்லை. அதனால் உடம்பையே கருவியாக்கிக்கொண்டார். வாங்குகிறவர் கம்பியின் முனைகளை விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தினால் இந்தப் பக்கத்தில் விரல் வெடுக்வெடுக்கென்று துள்ளும். எத்தனை துள்ளல் என்று எண்ணி எழுத்தாக்க வேண்டும். நம் நாட்டில் மின்சாரத்தில் வந்த முதல் சேதிகளை மனிதத் தோல் படித்தது.

அமெரிக்காவில் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டியது 1844-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஹூக்ளிக் கரையில் இது நடந்துவிட்டது. ஓ'ஷாக்னெஸி தன் சோதனைகளை ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். படித்தார்கள், பாராட்டினார்கள், மறந்தார்கள். கம்பெனிக்கு அப்போது கம்பியில் காசு தெரியவில்லை. மூங்கில்கள் மக்கின. பத்து வருஷம் வீணாகப் போயிற்று.

அந்தப் பத்து வருஷ உறக்கத்தைக் கலைத்தவர் டல்ஹவுசி. 1848-ல் கவர்னர் ஜெனரலாக வந்தபோது வயது முப்பத்தைந்து. நாடுகளை விழுங்கிய அதே கை, ரயிலையும் தபாலையும் தந்தியையும் நட்டது. இரண்டும் ஒரே பசிக்கு உணவு என்பதை இந்தத் தொடரில் பலமுறை பார்க்கப்போகிறோம். 1850-ல் ஓ'ஷாக்னெஸிக்கு உத்தரவு வந்தது. கல்கத்தாவிலிருந்து கடலை நோக்கி, டயமண்ட் ஹார்பர் வரை ஒரு சோதனைக் கம்பி போட வேண்டும்.

அப்போது ஓ'ஷாக்னெஸி கல்கத்தா நாணயச் சாலையில் இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு வங்க இளைஞரை இந்த இடத்தில் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சிவச்சந்திர நந்தி, 1824-ல் பிறந்தவர். தந்தி பற்றி அப்போது இந்தியாவில் கல்லூரியும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. டாக்டர் பக்கத்தில் நின்று, கம்பியையும் மின்கலத்தையும் கையால் தொட்டுத் தொட்டே நந்தி தொழிலைக் கற்றுக்கொண்டார்.

சீமையிலிருந்து வந்த யோசனைகள் இங்கே எடுபடாது என்பது வேலை தொடங்கியதுமே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் போட்டதுபோல் மெல்லிய கம்பி போட்டால், குரங்குக் கூட்டம் ஒருமுறை ஊஞ்சலாடினாலே அறுந்துவிடும். பருந்துகள் வந்து உட்காரும். கம்பம் சாய்ந்து கம்பி தரையில் கிடந்தால் மாட்டுவண்டி ஏறிப் போகும். ஓ'ஷாக்னெஸி யோசித்தார். கம்பியே வேண்டாம், இரும்புக் கழியாகப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு கனம். ஒரு மைலுக்கு ஏறக்குறைய ஒரு டன் இரும்பு. குரங்கு ஆடட்டும், வண்டி ஏறட்டும், அது தாங்கும்.

கழியின் ஒரு பகுதி மேலே போயிற்று, ஒரு பகுதி மண்ணுக்குள் போயிற்று. மேலே போனதற்கு மூங்கில் கம்பங்கள். செல்லும் ஈரமும் அரிக்காமல் இருக்க அவற்றுக்குத் தாரும் கீலும் பூசினார்கள். மண்ணுக்குள் போன பகுதியில்தான் நம் பக்கத்துச் சரக்கு வருகிறது. மின்சாரம் மண்ணில் கசியாமல் இருக்க இரும்புக்கு ஒரு சட்டை போட வேண்டும். ரப்பரோ வேறு நவீனப் பொருளோ கைக்கு வரவில்லை. ஓ'ஷாக்னெஸி எடுத்தது மெட்ராஸ் துணி. கீலைக் காய்ச்சி, அது விறைத்து வெடிக்காமல் வளைந்து கொடுக்கத் தார் கலந்து, அதில் மெட்ராஸ் துணியை ஊறவைத்து, இரும்புக் கழியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு கூரை வேய்கிற ஓடுகளை வாய்க்கால்போல வரிசையாக வைத்து, அதில் கழியைக் கிடத்தி, மூன்று பங்கு உலர்ந்த மணலும் ஒரு பங்கு குங்கிலியப் பிசினும் சேர்த்து உருக்கிய கலவையை மேலே ஊற்றினார்கள். ஆறினதும் கல்லாக இறுகிவிட்டது.

தறித் துணி, குயவர் ஓடு, மரப்பிசின், ஆற்று மணல். உலகத்தின் மிகப் புதிய தொழில்நுட்பம் இந்தியாவில் இந்த நான்கின் மேல்தான் ஓடத் தொடங்கியது. தந்தி வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்த பொருள் என்று நாம் பள்ளியில் படித்ததை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. அறிவியல் எல்லோருடையது. ஆனால் அதை இந்த மழையிலும் புழுதியிலும் நிற்க வைத்தது இந்த மண்ணின் பொருளும் இங்குள்ளவர்களின் உழைப்பும்.

சேதி வாங்கவும் இப்போது விரலைக் கொடுக்க வேண்டியதில்லை. ஓ'ஷாக்னெஸியே ஒரு சிறு கருவி செய்துவிட்டார். கிடையாக ஒரு காந்த ஊசி. மின்சாரம் வந்தால் இடமோ வலமோ சாயும். இடம் எத்தனை, வலம் எத்தனை என்று பார்த்து எழுத்தாகப் படிக்க வேண்டும். மோர்ஸ் கருவி நம் நாட்டுக்கு வந்தது 1857-ல்தான். அதுவரை இந்தியா முழுவதும் பேசியது இந்த ஊசியின் பாஷை.

1851-ல் கம்பி டயமண்ட் ஹார்பரைத் தொட்டது. அந்த முனையில் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தவர் நந்தி. கல்கத்தா முனையில் டல்ஹவுசி நின்றுகொண்டிருந்தார். நந்தி செலுத்தினார். கல்கத்தாவில் ஊசி அசைந்தது.

அடுத்த வருஷமே நந்தி தந்தித் தடத்தின் பொறுப்பாளர் ஆனார். பின்னாளில் வங்கத்தில் பத்மா நதியின் குறுக்கே ஏழு மைல் கேபிள் போட வேண்டி வந்தது. நீராவிக் கப்பல் வாடகைக்கு எடுக்கப் பணம் போதவில்லை. நந்தி மீனவர்களின் படகுகளை வாடகைக்குப் பேசி, அவற்றிலிருந்தே கேபிளை ஆற்றில் இறக்கிவிட்டார். கம்பத்துக்கு நல்ல மரம் கிடைக்காத இடங்களில் பனைமரத்தை வெட்டி நட்டார். 1883-ல் ராய் பகதூர் பட்டம் கொடுத்தார்கள். இந்தியத் தந்தியின் தந்தை என்று ஓ'ஷாக்னெஸியைச் சொல்கிற புத்தகங்கள் நந்திக்கு ஒரு வரி ஒதுக்கினாலே பெரிது. இது அநியாயம். நம் பிள்ளைகளின் பாடத்தில் இந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் ஊசி அசைந்ததால் மட்டும் லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களின் பணப்பெட்டி திறந்துவிடவில்லை. திறந்தது ஒரு போர்.

1852 ஏப்ரல். பர்மாவோடு கம்பெனிக்கு இரண்டாவது யுத்தம். அதற்குள் கம்பி டயமண்ட் ஹார்பரைத் தாண்டி, ஹூக்ளியையும் ஹல்தி ஆற்றையும் கடந்து, கடல் முகத்தில் இருக்கும் கெட்ஜரி வரை போய்விட்டது. மொத்தம் 82 மைல். ரங்கூன் என்ன ஆயிற்று என்று கல்கத்தா காத்துக்கொண்டிருந்தது. 'ராட்லர்' என்ற போர்க்கப்பல் ரங்கூனிலிருந்து சேதியோடு ஹூக்ளியின் முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. வழக்கமாக அந்தக் கப்பல் ஆற்றில் ஏறி வந்து சேர்ந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். இந்த முறை, கப்பல் இன்னும் முகத்துவாரத்தில் இருக்கும்போதே, ரங்கூன் விழுந்தது என்ற அறிவிப்பு கல்கத்தா தந்தி ஆபீஸின் கதவில் ஒட்டப்பட்டுவிட்டது.

டல்ஹவுசிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இந்தியா முழுவதும் தந்தி வேண்டும் என்று லண்டனுக்கு எழுதினார். ஓ'ஷாக்னெஸியையே நேரில் அனுப்பி வைத்தார். எதற்கும் வருஷக் கணக்கில் யோசிக்கிற டைரக்டர்கள் இதற்கு உடனே சம்மதித்தார்கள். ஓர் ஊரை வென்ற சேதி வேகமாக வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. நம் நாட்டுத் தந்தியின் தொடக்கத்தில் இந்தக் கறை இருக்கிறது. வரலாறு எழுதுகிறவன் அதைத் துடைத்துக் காட்டக் கூடாது.

அதன் பிறகு நடந்தது வெறும் ஓட்டம். 1853 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்கு வேலை தொடங்கியது. 1854 மார்ச் 24-ம் தேதி ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் சேதி வந்தது. 800 மைலை ஐந்தே மாதத்தில் கட்டி முடித்துவிட்டார்கள். பிறகு பம்பாய், பெஷாவர், மெட்ராஸ். 1855 பிப்ரவரி 1-ம் தேதி பணம் கட்டுகிற யார் வேண்டுமானாலும் தந்தி அனுப்பலாம் என்று கதவைத் திறந்தபோது கம்பியின் நீளம் 3,000 மைலைத் தாண்டியிருந்தது.

தெற்கே வந்த தடம் பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாக மெட்ராஸ் போயிற்று. பெங்களூரிலிருந்து ஒரு கிளை ஊட்டிக்கு ஏறியது. 1855-ல் டல்ஹவுசி உடம்பு தேறுவதற்காக நீலகிரியில் தங்கியிருந்தார். கவர்னர் ஜெனரல் மலை மேல் இருந்துகொண்டே நாட்டை நடத்த இந்தக் கம்பிதான் வழி செய்தது.

பெங்களூர்ப் பக்கம் வேலை செய்தவர்கள் இன்னொன்றைக் கண்டுகொண்டார்கள். மரம் நட்டால் செல் அரிக்கிறது, நல்ல மரம் தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் எங்கே பார்த்தாலும் கருங்கல். ஆகவே கருங்கல்லையே நீளமாகப் பிளந்து தூணாக நட்டு, அதன் மேல் கம்பியை ஏற்றினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்காது. வேலிக்கும், பந்தலுக்கும், மாட்டுக் கொட்டகைக்கும் கல்லை நடுகிற பூமி இது. செத்த வீரனுக்கு நடுகல் நட்டதும் இதே பூமிதான். பாறையில் வரிசையாகக் குழி அடித்து, உளி இறக்கி, நேர்கோட்டில் பிளக்கத் தெரிந்த கைகள் இந்தப் பீடபூமியில் எப்போதும் இருந்திருக்கின்றன. அந்தக் கைத்திறனை ஓ'ஷாக்னெஸியின் ஆட்கள் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சரி, இந்தக் கம்பி இண்டூர்க்காரருக்கு என்ன செய்தது?

முதலில் ஒன்றுமே செய்யவில்லை. 16 வார்த்தைத் தந்திக்கு 400 மைலுக்கு ஒரு ரூபாய் என்று கட்டணம். அன்றைக்கு அது ஒரு கூலிக்காரரின் பல நாள் சம்பாத்தியம். தந்தி சர்க்காருக்கும் பட்டாளத்துக்கும், பருத்தியும் அபினியும் விற்ற வியாபாரிகளுக்கும் உரியதாக இருந்தது. 1861-ல் மெட்ராஸ் ரயில் திருப்பத்தூரிலிருந்து மொரப்பூர் வழியாகச் சேலம் வந்தபோது, தண்டவாளத்தோடு கம்பியும் நம் மாவட்டத்துக்குள் நுழைந்தது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் வந்தது 1906-ல். அதையும் 1941-ல், உலகப் போரின்போது, பிடுங்கிக்கொண்டு போனார்கள். மெட்ராஸிலிருந்து சில நிமிஷத்தில் ஸ்டேஷனுக்கு வந்துவிட்ட சேதி, அதற்கப்பால் இருக்கிற கிராமத்துக்குப் போய்ச் சேர மறுபடியும் மனிதக் காலைத்தான் நம்பியது. வண்டித்தடம், ஏரிக்கரை, வரப்பு, அப்புறம்தான் வீடு. சைக்கிள் வந்த பிறகு கொஞ்சம் சுருங்கியது. கடைசிச் சில மைல்கள் வெகுகாலம் ஓட்டக்காரரின் வேகத்திலேயே இருந்தன.

தந்தி வந்தால் அந்தத் தெருவே நின்றுவிடும் என்பதை வயதில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். தபால்காரர் வழக்கமான நேரத்துக்கு வராமல் வேறு நேரத்தில் வந்தாலே வயிறு கலங்கும். தாளைப் பிரிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். அதில் இருப்பது இங்கிலீஷ். படித்துச் சொல்ல வாத்தியாரைத் தேடி ஒரு பையன் ஓடுவான். வாத்தியார் வருவதற்குள் அக்கம்பக்கம் கூடிவிடும். பட்டாளத்தில் இருக்கிற மகன் லீவில் வருகிறான் என்றுதான் அதில் இருக்கும். ஏழைக் குடும்பம் தந்திக்குக் காசு செலவழிக்கிறது என்றால் அது சாவுக்காகத்தான் இருக்கும் என்று ஊருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய சேலம் ஜில்லா, அதற்குள் இருந்த நம் தர்மபுரியும் சேர்த்து, அந்தப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்டது. அப்போது கம்பி இருந்தது, ரயிலும் இருந்தது. ஓர் ஊரில் தானிய விலை ஏறினால் இன்னோர் ஊர் வியாபாரிக்குக் கம்பி வழியாக உடனே தெரிந்தது. தெரிந்தும் ஏன் இவ்வளவு பேர் செத்தார்கள்? இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதற்குத் தனி அத்தியாயமே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் 1857 நிற்கிறது.

டெல்லி நகரின் காஷ்மீர் கேட்டுக்கு வெளியே ஒரு பங்களா. அதுதான் தந்தி ஆபீஸ். பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் டாட். அவருக்கு உதவியாக பிரெண்டிஷ், பில்கிங்டன் என்று இரண்டு பையன்கள். அங்கிருந்து இரண்டு கம்பிகள் போயின. ஒன்று யமுனையைக் கடந்து கிழக்கே மீரட்டுக்கு. இன்னொன்று வடக்கே அம்பாலாவுக்கும், அதற்கப்பால் லாகூருக்கும்.

மே 9-ம் தேதி மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப்படைச் சிப்பாய்களுக்கு, அணிவகுத்து நின்ற மொத்தப் பட்டாளத்தின் முன்னால் விலங்கு மாட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் செய்தி கம்பி வழியாக டெல்லிக்கு வந்தது. அன்று மாலை மீரட்டைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். ஊசி அசையவே இல்லை. யமுனைக்கு அடியில் போகிற கேபிள்தான் அறுந்திருக்கும் என்று நினைத்து, பையன்கள் அக்கரைக்குப் போய்ச் சோதித்தார்கள். அங்கிருந்து டெல்லியைக் கூப்பிட முடிந்தது. கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் கம்பி அறுந்தது அதற்கு அப்பால், மீரட்டுப் பக்கம்.

மே 11, திங்கட்கிழமை. விடிந்ததும் டாட் தானே பார்த்துவருகிறேன் என்று கிளம்பினார். ஆபீஸில் அவருடைய மனைவியும் குழந்தையும் அந்த இரண்டு பையன்களும் இருந்தார்கள். படகுப் பாலத்தை நோக்கிப் போன டாட் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நகரத்துக்குள்ளிருந்து ஓடிவந்தவர்கள் மூலமாகச் சேதி வந்தது. மீரட்டுச் சிப்பாய்கள் யமுனையைக் கடந்து டெல்லிக்குள் நுழைந்துவிட்டார்கள்.

மீரட்டுக் கம்பி செத்துக் கிடந்தது. அம்பாலாக் கம்பிக்கு இன்னும் உயிர் இருந்தது. அதன் மறுமுனையில் இருந்த பஞ்சாப் முழுவதும், இந்தியச் சிப்பாய்கள் நிறைந்த பாசறைகளில், டெல்லியில் நடப்பது இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சேதி முதலில் யார் கைக்குப் போகிறதோ, பஞ்சாப் அவர்கள் பக்கம்.

இரண்டு பையன்களில் ஒருவன் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தான். அவன் அனுப்பியது என்ன, அதை வாங்கியவர்கள் லாகூரில் இரண்டே நாளில் செய்தது என்ன என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தந்தி சேவை 2013 ஜூலையில் நம் நாட்டில் நின்றுவிட்டது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரங்களுக்கு நடுவில், பழைய தந்தித் தாள் ஏதாவது மடித்துக் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது எந்த வருஷம், யாருக்கு, எதற்காக வந்தது என்று வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டு, அதன் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

(தொடரும்)